படத்தின் வலது மூலை

"இன்னும் கொஞ்சம் வலது பக்கம் இழு. மூலை வரைக்கும் வரணும்."

நாற்காலிமேல் ஏறி நின்றிருந்த பிரசாந்த், அக்காள் சொன்னபடி மாலையை இழுத்தான். ரோஜாவும் சம்பங்கியும் கலந்து கட்டிய கனத்த மாலை. சவப்பெட்டியில் படுத்திருக்கிற அப்பாவின் மார்புமேல் போடுவதற்காக நேற்றே பூக்கடையில் சொல்லி வைத்தது. இப்போது அது பந்தலின் பின்பக்கம் கட்டியிருந்த பேனரின் ஓரத்தில் கோணலாகத் தொங்கியது.

"அக்கா, மாலைன்னா மூஞ்சியச் சுத்தித்தானே போடுவாங்க? இது என்னமோ துணி காயப்போட்ட மாதிரி இருக்கு."

"இருந்துட்டுப் போகுது. ஊசியக் குத்து."

தாமரை பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். பேனரில் அப்பா வேலாயுதம் சிரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மாலை, நெற்றியில் திருநீறு, முழுக்கை வெள்ளைச் சட்டை. அவருக்குப் பின்னால் ஒரு டீசல் இன்ஜின். மூக்கு முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளைபோல நின்றது. மாலை அதில் பாதியைத்தான் மறைத்தது. முன்சக்கரமும் அதன் கீழே வைத்திருந்த எலுமிச்சம்பழமும் மறைந்துவிட்டன. அதுவரைக்கும் சரி. மீதிப் பாதியை என்ன செய்வது?

"வேற படமே கிடைக்கலியாடா உனக்கு?"

"அப்பாவே கேட்டது. ஆஸ்பத்திரியில அம்மாகிட்ட சொல்லியிருக்காரு, இந்தப் படத்தத்தான் வைக்கணும்னு. நான் என்ன பண்றது?" பிரசாந்த் நாற்காலியிலிருந்து இறங்கினான். "பேக்ரவுண்ட எடுக்கலாம்னு பார்த்தேன். இஞ்சினத் தூக்கினா அப்பா கையும் சேர்ந்து போயிடுது. கைய அதுமேலதான வச்சிருக்காரு. அதுலயும் பழைய போட்டோ வேற. வலது மூலை மட்டும் தேஞ்சு மங்கிப் போயிருந்துச்சு. அத சரி பண்ணவே எனக்கு நேத்து ராத்திரி ஆயிடுச்சு."

அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது தளத்தில் அவர்கள் வீடு. லிஃப்டுக்குள் பெட்டி நுழையாது என்பதால் கீழே கார் நிறுத்தும் இடத்திலேயே பந்தல் போட்டிருந்தார்கள். தலைக்கு மேலே மோனோரயில் வளைந்து போகும் ஒவ்வொரு முறையும் பந்தலின் தகரக் கால்கள் லேசாக அதிர்ந்தன. பெட்டியின் தலைமாட்டில் அம்மா ரமணி உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. பேனர் பக்கம் நடக்கிற வேலையைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலாயுதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மகள், அப்பா சிரிக்கிற படத்தை ஏன் மாலை போட்டு மறைக்கிறாள் என்று உங்களுக்கு அவள்மேல் கோபம் வரும்.

இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற இடத்தில் முன்பு ரயில்வேக்காரர்களின் வீடுகள் இருந்தன. அங்கே பிறந்தவர் வேலாயுதம். அவருடைய அப்பா தண்டவாளத்துக்குக் கல் கொட்டியவர். இவர் ஒர்க்‌ஷாப்பில் பயிற்சிக்குச் சேர்ந்து, பரீட்சைகள் எழுதி, இன்ஜினியர் ஆனார். ஓடி ஓடித் தேய்ந்துபோன பழைய இன்ஜின்களுக்குப் பதிலாகப் புதியவை வாங்குவது என்று முடிவானபோது, வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்துவரும் குழுவில் அவர் பெயரும் வந்தது. அன்றைக்குத் தெருவே அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. நம்ம ஆள் போய்ப் பார்த்து வாங்கிக்கொண்டு வரப்போகிறார் என்று, கோயிலில் பரிவட்டம் கட்டி அனுப்பினார்கள்.

அது குளிர் தேசம். சமதளம். பாரம் ஏற்றாத பெட்டிகளை இழுத்துக்கொண்டு புது இன்ஜின் வழுக்கிக்கொண்டு ஓடியது. பாரத்தோடு மேட்டில் ஏற்றிக் காட்டுங்கள் என்று வேலாயுதம் கேட்டார். இங்கே மேடு கிடையாது, உங்கள் ஊருக்கு வந்ததும் எல்லாம் சரியாக இருக்கும் என்றார்கள். கூட வந்தவர்கள் சாப்பாட்டு மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இன்ஜின்கள் கப்பலில் வந்து இறங்கின. பெரிய மனிதர்கள் வந்து கொடி அசைக்கும் நாளும் முன்பே குறித்தாகிவிட்டது. டிரைவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள்: "சார், நம்ம வெயிலுக்கு, நம்ம மேட்டுக்கு இது தாங்குமா?"

"தாங்கும் லா. நான் பார்த்துட்டுத்தான வந்தேன்?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

கொடி அசைத்த அன்று தாமரையும் போயிருந்தாள். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். படம் எடுத்தார்கள். மேளம் வாசித்தார்கள். இன்ஜின் பெரிதாகச் சத்தம் போட்டது, கறுப்புப் புகையாகக் கக்கியது, நகரவில்லை. மேடையில் இருந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். வேலாயுதம் பின்பக்கம் ஓடினார். மேளக்காரரிடம் கையைக் காட்டி, இன்னும் வேகமாக வாசிக்கச் சொன்னார். கடைசிப் பெட்டிக்குப் பின்னால் நின்றிருந்த பழைய இன்ஜின் மெல்ல முட்டித் தள்ளியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். தாமரையும்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே டிரைவர்கள் அந்த இன்ஜின்களுக்குப் பேர் வைத்துவிட்டார்கள்: தள்ளுவண்டி.

அந்த முதல் ஓட்டத்தை ஓட்டியவன் கிள்ளானைச் சேர்ந்த யுகேந்திரன். பாட்டனார் காலத்திலிருந்தே ரயில்வேக் குடும்பம். கெட்டிக்காரன், நல்ல பையன் என்று வேலாயுதத்துக்கு அவன்மேல் அத்தனை பிரியம். அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததால், அவன் தம்பி சுகுமாறனுக்குத் தாமரையைக் கட்டிக்கொடுத்தார்.

தாமரை கிள்ளானுக்குப் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். வடக்கே ஒரு மேட்டில் யுகேந்திரன் ஓட்டிப்போன தள்ளுவண்டி கொதித்தது. எண்ணெய்க் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. பின்னால் பெட்டிகளில் ஜனங்கள். அவன் உள்ளே புகுந்து, கொதிக்கிற வால்வை இரண்டு கையாலும் பிடித்துத் திருகி மூடினான். ஜனங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய பத்து விரல்களும் நீட்டியது நீட்டியபடி நின்றுவிட்டன.

விசாரணை வைத்தார்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தும் டிரைவர் கவனிக்கவில்லை என்று முடிவாயிற்று. விளக்கு ஒழுங்காக எரிகிற விளக்குத்தானா என்று இன்ஜினியர் வேலாயுதத்தைக் கேட்டார்கள். ஒழுங்கானதுதான் என்றார் அவர். மற்ற இன்ஜின்களில் அதே விளக்கு எரியாமல் போனது அவருக்குத் தெரியும்.

பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளுவண்டிகள் நின்றன. யாரும் தண்டிக்கப்படவில்லை. கிள்ளான் பாதையில் ஓரிடத்தில், புல் மண்டிய தண்டவாளத்தில் அவற்றை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புறநகர் கம்யூட்டர் ரயிலில் அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் தாமரை எதிர்ப்பக்க ஜன்னலில்தான் உட்காருவாள். அந்தப் பக்கம் வெயில் முகத்தில் அடித்தாலும் அங்கேதான்.

அவளைத் தின்றது ஒன்றுதான். கிள்ளான் வீட்டில் யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அவள் பெரியத்தான் என்று கூப்பிடுகிற யுகேந்திரன் வேலை போய், இப்போது துறைமுகத்தில் லோரி நிறுத்தும் இடத்தில் காவலுக்கு இருக்கிறான். சாயங்காலம் வந்ததும் தேத்தண்ணிக் குவளையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்கிக் குடிப்பான். "தேத்தண்ணி நல்லாருக்கு தாமரை" என்பான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். வேலாயுதத்தின் வீட்டுப் படியை மட்டும் அவன் அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

அதனால்தான் காலையில் இங்கே வந்து பேனரைப் பார்த்ததும் அவள் பந்தலுக்கு வெளியே வந்தாள். கணவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏங்க, பெரியத்தானை வர வேணாம்னு சொல்லிடுங்க."

சுகுமாறன் அவளையே பார்த்தான். "கோடித்துணி போடணுமே?"

"நீங்க போடுங்க. அவருக்குச் சிரமமா இருக்கும். இந்தப் படத்த வேற வச்சிருக்காங்க. வேணாம்."

"நீ சொன்னன்னே சொல்லவா?"

"சொல்லுங்க."

அவன் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

வெயில் ஏறியது. அக்கம்பக்கத்து ஆட்கள் வந்தார்கள், பெட்டியைச் சுற்றினார்கள், ரமணியின் கையைப் பிடித்தார்கள். போகும்போது ஒவ்வொருவர் பார்வையும் பேனரில் போய் நின்றது. தாமரை அவர்கள் முகத்தைப் பார்க்காமல் அவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில்வேக்காரர்கள் ஒருவர்கூட வரவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதலாக இருந்தது வெட்கமாகவும் இருந்தது.

தேவாரம் பாடி முடித்தார்கள். பிணவண்டிக்காரர் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, செராஸ் சுடலையில் நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஞாபகப்படுத்தினார். பிரசாந்த் குளித்து ஈர வேட்டியோடு வந்து நின்றான். அப்போதுதான் அத்தை வீரம்மா வாயைத் திறந்தாள். வேலாயுதத்தின் அக்காள் அவள். கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் இருந்து பழகிய குரல். மெதுவாகப் பேசத் தெரியாது.

"சம்பந்தி வீட்டுக் கோடி எங்க?"

தாமரையின் கணவன் ஓரடி முன்னால் வந்தான்.

"நான் போடறேன் அத்தை" என்றான் சுகுமாறன்.

"நீ மருமவன். நீ போடறது மருமவன் கோடி. நான் கேக்கறது சம்பந்தி கோடி. உங்க அப்பா இல்லாட்டி மூத்தவன் கொண்டாரணும். யுகேந்திரன் எங்க? பொண்ணு எடுத்த வீட்டுத் துணி படாம எப்படித் தூக்கறது? அனாதையா என் தம்பி?"

"அவருக்குக் கை முடியாது அத்தை" என்றாள் தாமரை.

"கை முடியாதா, மனசு முடியாதா?"

யாரோ ஒருவர் இருமினார். தாமரை சுகுமாறனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது. அவளைக் காட்டிக்கொடுக்கவும் வராது. பாவம், அவன் என்ன செய்வான்.

"வருவாரு அத்தை. வந்துக்கிட்டே இருக்காரு" என்று சொல்லிவிட்டு, தாமரை கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத்தொட்டிகள் இருக்கும் இடத்துக்குப் போனாள். போனை எடுத்தாள். கிள்ளானிலிருந்து இப்போது கிளம்பினால்கூட எப்போது வந்து சேருவது? வரச் சொல்ல அவளுக்கு என்ன முகம் இருக்கிறது? மூன்று முறை எண்ணை எடுத்து எடுத்து அணைத்தாள். கடைசியில் அழுத்திவிட்டாள்.

"பெரியத்தான்..."

"சொல்லு தாமரை." போனில் அவனுக்குப் பின்னால் தட்டு கழுவுகிற சத்தமும் மோனோரயில் போகிற சத்தமும் கேட்டன. அதே மோனோரயில் அவள் தலைக்கு மேலும் போய்க்கொண்டிருந்தது.

"எங்க இருக்கீங்க?"

"எதிர்லதான். ஒட்டுக்கடையில."

அவள் ஓடவில்லை. ஓட வேண்டும்போல இருந்தது. நடந்தே சாலையைக் கடந்தாள். அரசமரத்தடியில் இருந்த ஒட்டுக்கடையில் நான்கைந்து மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப்போட்டுக்கொண்டு, நரைத்த தலைகளாக ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். எல்லோரும் பழைய டிரைவர்கள். நடுவில் யுகேந்திரன். அவன் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள்ளே மடிப்புக் கலையாத புது வேட்டி தெரிந்தது.

"வாம்மா, வா" என்றார் பாலன். ஓய்வுபெற்ற டிரைவர்; அவர்களில் மூத்தவர். வாய்த் துடுக்குக்குப் பேர்போனவர். "காலையிலேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கோம். இந்தக் கடைக்காரன் எங்கள வச்சே இன்னிக்கு வீடு கட்டிருவான் போல."

"ஏன் அங்க வரல அங்கிள்?"

"இவன் வந்தா நாங்க வருவோம். இவனை வேணாம்னுட்டாங்களாம். அப்புறம் நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?" பாலன் குவளையைக் கவிழ்த்து மிச்சத்தைக் குடித்தார். "உங்கப்பாவும் விவரம்தாம்மா. பாரு, ஞாயித்துக்கிழமையாப் பார்த்துக் கிளம்பறாரு. யாரும் லீவு கிடைக்கலன்னு சொல்ல முடியாது."

யாரும் சிரிக்கவில்லை. பாலனும் சிரிக்கவில்லை.

தாமரை யுகேந்திரனுக்கு எதிரே நின்றாள். அவன் உட்காரச் சொல்லி முகவாயால் நாற்காலியைக் காட்டினான். அவள் உட்காரவில்லை.

"சுகு சொன்னான். நீ வர வேணாம்னியாம்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்..."

"யாருக்கு?"

சாலையில் ஒரு பேருந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"எனக்குத்தான்" என்றாள்.

யுகேந்திரன் தலையை ஆட்டினான். கோபமாக ஆட்டியதாகத் தெரியவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறது என்பதுபோல ஆட்டினான்.

"உங்கப்பா ஒருநாள் போர்ட்டுக்கு வந்தாரு. உனக்குத் தெரியாது. உச்சி வெயில். நான் சாப்பிட உக்காந்திருந்தேன். டிபன் கேரியரு திறக்க வரல. அந்தக் கொக்கி எனக்கு எப்பவும் மல்லுக்கட்டும். யாராச்சும் லோரி டிரைவர் வந்தா திறந்து குடுப்பான். அன்னிக்கு நிமிர்ந்து பார்த்தா இவரு நிக்கறாரு. குனிஞ்சு கேரியரத் திறந்து, தட்டுத் தட்டா எடுத்து வச்சாரு. நின்னாரு. அப்புறம் போயிட்டாரு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தச் சோத்த நாய்க்குப் போட்டுட்டேன்." தன் கைகளைப் பார்த்தான். "பேசியிருக்கலாம். அவ்வளவு தூரம் வந்த மனுசன்."

பாலன் எழுந்து நின்றார். "என்னப்பா, அத்தைக் கிழவி கத்தறது இங்க வரைக்கும் கேக்குது. போவோமா, வேணாமா?"

யுகேந்திரன் தாமரையைப் பார்த்தான். அவள் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"வாங்க பெரியத்தான்" என்றாள். "அப்பாவுக்குக் கோடி போடுங்க."

அவர்கள் சாலையைக் கடந்து வரிசையாகப் பந்தலுக்குள் நுழைந்தபோது வீரம்மா வாயை மூடிக்கொண்டாள். ரமணி எழுந்து நின்றாள். யுகேந்திரனுக்கு அவள் கும்பிடு போட்டாள். அவன் கும்பிடத் தூக்கிய கைகள் ஒன்றோடொன்று சரியாகச் சேரவில்லை. முன்கைகளை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டான்.

பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். வேலாயுதத்தின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். நோயில் கன்னம் ஒட்டி, மூக்கு மட்டும் பெரிதாகி, பேனரில் சிரிக்கிறவருக்கு அண்ணன்போலக் கிடந்தார். யுகேந்திரன் தாம்பாளத்திலிருந்த திருநீற்றை எடுக்கப் பார்த்தான். விரலால் கிள்ள வராது. இரண்டு உள்ளங்கைகளையும் திருநீற்றில் அழுத்தி எடுத்து, ஒன்றை அவர் நெற்றியில் வைத்து எடுத்தான். நெற்றி முழுவதும் வெள்ளையாயிற்று.

பையிலிருந்து வேட்டியைச் சுகுமாறன் எடுத்துக்கொடுத்தான். யுகேந்திரன் அதை முன்கைகளில் வாங்கி உதறினான். ஒரு முனை நழுவித் தரையைத் தொடப் போனது. தாமரை பாய்ந்து பிடித்துவிட்டாள். பிடித்த பிறகுதான் பயம் வந்தது. பெற்ற மகள் சம்பந்தி கோடியைத் தொடலாமா? வீரம்மாவைப் பார்த்தாள்.

"என்னடி முழிக்கற? நீ அந்த வீட்டுக்காரிதான. பிடி" என்றாள் அத்தை. "அந்த வீட்டுக் கோடிய அந்த வீட்டுப் பொண்ணு பிடிச்சா என்ன?"

அந்த வீட்டுப் பெண். தாமரை ஒரு முனையில், யுகேந்திரன் ஒரு முனையில். துணி அப்பாவின்மேல் காற்றில் ஒருகணம் உப்பி நின்று பிறகு இறங்கியது. மார்பு வரைக்கும் இழுத்துவிட்டாள். நெற்றியில் அந்த அகலமான வெள்ளை இருந்தது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

யுகேந்திரன் நிமிர்ந்தான். அப்போதுதான் பேனரைப் பார்த்தான். கொஞ்சம் தலையைச் சாய்த்து, மாலைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறவன்போலப் பார்த்தான்.

"அந்த மூலைய ஏன் மறைச்சு வச்சிருக்கீங்க?"

பிரசாந்த் அக்காளைப் பார்த்தான். பந்தல் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது.

"நான்தான்" என்றாள் தாமரை. "நான்தான் மறைக்கச் சொன்னேன். இஞ்சின் தெரியக் கூடாதுன்னு."

"எடுத்துடு. என் கை உள்ள இருக்கு."

அவளுக்கு விளங்கவில்லை. பிரசாந்த் நாற்காலியில் ஏறி ஊசிகளைப் பிடுங்கினான். மாலை தொப்பென்று தாமரையின் கைகளில் விழுந்தது.

வலது மூலையில் சக்கரம் தெரிந்தது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் எலுமிச்சம்பழம். பழத்தை அங்கே வைத்துக்கொண்டிருக்கிற ஒரு கை. மணிக்கட்டோடு படத்தின் ஓரம் முடிந்துவிடுகிறது, ஆள் இல்லை. இளமையான கை. முண்டும் முடிச்சுமாகப் புடைத்த விரல்கள், ஐந்தும் வளைந்து, குஞ்சைப் பிடிப்பதுபோலப் பழத்தைப் பிடித்திருந்தன. மணிக்கட்டில் கறுப்பு வாருடன் ஒரு கடிகாரம். முதல் ஓட்டம் ஓட்டுகிறவன்தான் தன் கையால் பழம் வைக்க வேண்டும். அது டிரைவர்களின் வழக்கம். தாமரைக்கு இது தெரியும். அந்தப் படத்தில் ஒரு கை இருப்பதும் தெரியும். யாருடையது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

பாலன் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"டேய், இது என் வாட்ச்சுடா."

"ஆமாண்ணே."

"அன்னிக்கு போட்டோ பிடிக்கறாங்க, பந்தாவா இருக்கணும்னு என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டுப் போன. திருப்பியே தரல, களவாணி."

"அப்புறம் தரலாம்னு இருந்தேண்ணே. கட்டிக்கிட்டே இருந்தேன்." யுகேந்திரன் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நெருப்புல போயிடுச்சு."

பாலன் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். யுகேந்திரனின் மணிக்கட்டைப் பார்த்தார்.

பிரசாந்த் நாற்காலிமேலேயே நின்றான். பழைய படத்தில் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்த, தான் சரிசெய்த மூலையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். ரமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி இருந்தாள்.

"நேரமாச்சுங்க" என்றார் பிணவண்டிக்காரர், தணிந்த குரலில்.

பெட்டியை மூடினார்கள். பிணவண்டிக்காரர்கள் அதைச் சக்கரம் வைத்த தாங்கியில் ஏற்றினார்கள். பந்தலிலிருந்து சாலைக்குப் போகிற வழி கொஞ்சம் மேடு. வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் சிமெண்டு போட்டு உயர்த்தியிருந்தார்கள். பிரசாந்த் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தான். சுகுமாறனும் வண்டிக்காரர்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். மேட்டின் அடியில் வந்ததும் சக்கரம் நின்றுவிட்டது. ஒருவர் இழுத்தார். இன்னொருவர், "சார், ஆள் பத்தல" என்றார்.

பின்னால் நடந்துவந்த பழைய டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இன்ஜின்களுக்குத் தாங்கள் வைத்த பேர் அவர்கள் எல்லோருடைய வாயிலும் வந்திருக்கும். யாரும் அதைச் சொல்லவில்லை.

யுகேந்திரன் முன்னால் வந்தான். பிடித்து இழுக்க அவனால் முடியாது. பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து, விரிந்தே கிடக்கிற இரண்டு கைகளையும் பின்பலகையில் பதித்தான். பாலன் அவனுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால். சக்கரம் ஒருமுறை முனகியது, பிறகு மேட்டில் ஏறியது.

பெண்கள் சாலை விளிம்போடு நின்றுவிட்டார்கள். தாமரையும் நின்றாள். அப்பாவின் மார்புமேல் போட்டிருக்க வேண்டிய மாலை அவள் கையிலேயே கனத்தது. பெட்டி வண்டிக்குள் நகர்ந்தது. கரும்பழுப்புப் பலகையில், திருநீறு படிந்த இரண்டு உள்ளங்கைத் தடங்கள், விரல்கள் நீட்டியபடி. பின்கதவை மூடும்வரை அவை தெரிந்தன.